வெண்கல மோதிரம்: பராகுவே நாட்டிற் குவரானி மொழி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

பராகுவே நாட்டவரான ஹுவான் கிறிசோஸ்தமோ செந்துரியோன் 1840இற் பிறந்தவர். படை அதிகாரியாகவும் பத்திரிகையாளராகவும் பின்னாளில் வெளிநாட்டமைச்சராகவும் விளங்கியவர். 1894 முதல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புக்களில் அவர் தம் பள்ளிப் பருவத்து வழக்கமொன்றை விவரிக்கின்றார். வகுப்பு வேளையிற் குவரானி மொழி பேசுதல் தடைசெய்யப்பட்டிருந்தது. கண்காணிக்கும் மாணவரிடம் வெண்கல மோதிரங்கள் சில கொடுக்கப்பட்டிருந்தன. குவரானி பேசி முதலில் அகப்படும் சிறுவன் கையில் மோதிரம் சேரும். அவன் அதே குற்றத்தைச் செய்யும் இன்னொருவனைக் கண்டுபிடித்து அதனை அவனிடம் தள்ளிவிடலாம். இவ்வாறு வாரம் முழுவதும் கைமாறித் திரிந்த மோதிரங்கள் சனிக்கிழமையன்று எவரிடம் எஞ்சினவோ, அவர்க்கு நான்கைந்து கசையடி கிடைக்கும்.

தண்டனையைக் காட்டிலும் அதன் பொறிமுறையே நம்மைத் திகைக்க வைக்கின்றது. அடிப்பவர் ஆசிரியர், ஒற்றுக் கேட்பவன் உடன் பயிலும் தோழன். அச்சிறுவர்கள் வீட்டிற் பேசியது குவரானி. நாட்டை அன்று ஆண்ட தலைவரும் குவரானி பேசி வளர்ந்தவரே. ஸ்பானிய முடியாட்சி அகன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், சுதந்திரக் குடியரசொன்றின் பள்ளியில் நிகழ்ந்தது இது என்பதும் மனங்கொளத்தக்கது.

ஸ்பானிய அமெரிக்கா எனப்படும் பெரும்பரப்பில் ஆதிக்குடிகளின் மொழிகள் அடைந்த கதியை நாம் அறிவோம். மெக்சிக்கோவில் நாவாத்திலும் பெருவிற் கெச்சுவாவும் ஒரு காலத்திற் பேரரசுகளின் மொழிகளாயிருந்தவை; பின்னர் அவை மலைநாட்டுக் குடியானவரின் மொழிகளாய் ஒடுங்கின. பராகுவே இதற்கு விலக்கு. 1950ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் குவரானி அறிந்திருந்தனர். ஏறத்தாழ நாற்பது வீதத்தினர் ஸ்பானிய மொழியை அறியாதவர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆதிக்குடிகள் அல்லர். ஸ்பானியப் பெயர் தாங்கி, கத்தோலிக்க சமயத்தைப் பின்பற்றி, தம்மைப் பராகுவேயர் என்று மட்டுமே கருதும் கலப்பின மக்கள் அவர்கள். வென்றவரின் வழித்தோன்றல்கள் வெல்லப்பட்டவரின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருப்பது அமெரிக்கக் கண்டத்தில் வேறெங்கும் இத்துணைப் பரவலாகக் காணப்படுவதன்று.

இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கங்கள் இரண்டு. ஸ்பானிய வீரரும் குவரானிப் பெண்களும் அன்பினால் இணைந்து புதியதோர் இனத்தைப் படைத்தனர் என்பது ஒன்று. தேசியவாத வரலாற்றாசிரியர் இதனைப் பெரிதும் விரும்புவர். யேசு சபைத் துறவியரே அம்மொழியைக் காத்தனர் என்பது மற்றையது. முதலாவது உண்மையின் கொடுமையை மறைக்கின்றது. இரண்டாவது அதன் இடத்தைத் தவறாகக் காட்டுகின்றது. குவரானி மொழி நிலைத்தமைக்கான காரணத்தைப் புலவரிடமும் புரவலரிடமும் தேடுவதிலும், நிலத்தின் வறுமையிலும் வீட்டின் அமைப்பிலும் தேடுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பராகுவே கடலற்ற நாடு. அதன் பெயரையே கொண்ட ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடி நாட்டை இரண்டாகப் பிளக்கின்றது. ஆற்றின் மேற்கே, நாட்டின் பரப்பில் அரைப்பங்குக்கு மேற்பட்டதாய்ப் பரந்து கிடக்கும் சாக்கோ, முட்புதரும் வறள் சமவெளியும் கொண்டது. மக்கள் மிகச் சிலரே. கிழக்கே செம்மண்ணும் காடும் நீரோடைகளும். குவரானியர் இக்கிழக்குப் பகுதியிற் காடு வெட்டி எரித்து மரவள்ளியும் சோளமும் பயிரிட்டு வாழ்ந்தனர். காட்டை அழிப்பது ஆடவர் வேலை. நடுவதும் களைவதும் அறுப்பதும் பெண்களின் வேலை. இச்செய்தி சிறிதாகத் தோன்றினும் பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பெருவின் வெள்ளியை எட்டுவதற்கு ஆற்று வழியொன்றைத் தேடியே ஸ்பானியர் இங்கு வந்தனர். 1536இல் அமைக்கப்பட்ட முதலாவது புவெனஸ் அயர்ஸ் பசியாலும் போராலும் நிலைகுலைந்தது. 1537 ஓகஸ்ட் 15ஆம் நாள் ஆற்றின் மேல்மருங்கில் அசுன்சியோன் கோட்டை நிறுவப்பட்டது. 1541இல் புவெனஸ் அயர்சில் எஞ்சியோரும் அங்கேயே வந்து சேர்ந்தனர். வெள்ளி கிடைக்கவில்லை. பொத்தோசி மலையின் வெள்ளி 1545இல் வெளிப்பட்டபோது அது பெருவழி வந்தோர் கைக்கே சென்றது. பொன்னும் வெள்ளியும் அற்ற நாட்டுக்குப் புதிய குடியேற்றக்காரர் ஏன் வருவர்? ஸ்பானியப் பெண்கள் வந்தது மிகச் சொற்பம். சில நூறு ஆடவர் பல்லாயிரங் குவரானியரிடையே கைவிடப்பட்டவர் போலாயினர்.

குவரானியர் அவர்களைப் பகைவரை எதிர்க்க உதவும் நட்பினராகக் கருதித் தம் பெண்களைக் கொடுத்து உறவு கொண்டனர். அவர்களின் வழக்கில் உறவு என்பது கடப்பாடு. மைத்துனன் வயலில் வேலைசெய்வதும் அவனோடு போருக்குச் செல்வதும் அவன் உணவைப் பகிர்வதும் அதனுள் அடங்கும். 'தொவஜா' என்பது மைத்துனனைக் குறிக்குஞ் சொல். ஸ்பானியர் இம்முறையின் ஒரு பாதியை மட்டும் ஏற்றனர். மைத்துனரின் உழைப்பைப் பெற்றனர், மைத்துனராய் நடக்க மறுத்தனர். பெண்ணே பயிர் செய்பவளாதலால் எத்துணைப் பெண்கள் ஒருவன் வீட்டில் உளரோ அத்துணை விளைச்சல் அவனுக்கு உண்டு. விரைவிற் பெண்கள் கொடுக்கப்படும் நிலை மாறி, கவரப்படும் நிலையும், பண்டம் போற் கைமாற்றப்படும் நிலையும் தோன்றின. 1540களிற் குவரானியர் கிளர்ந்தெழுந்தமையும் அக்கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்டமையும் வரலாறு. 1556இல் என்கொமியெந்தா எனும் கட்டாய உழைப்பு முறை முறைப்படி புகுத்தப்பட்டது. இவ்வளவையும் அறிந்தபின் இதனைக் காதற் கதை என்று கூறுவதற்கு மனம் ஒப்பவில்லை.

ஆயின் இக்கொடுமையின் விளைவு விசித்திரமானது. ஆளுநராயிருந்த தொமிங்கோ மார்த்தீனஸ் தெ இராலா 1556இல் எழுதிய தம் உயிலிற் குவரானிப் பெண்கள் பலரிடம் தமக்குப் பிறந்தோரைத் தம் மக்களென ஏற்றுக்கொண்டார். அம்மக்களுள் ஒருத்தியின் மகனான ருயி தியாஸ் தெ குஸ்மான் அந்நிலப்பகுதியின் முதல் வரலாற்று நூல்களுள் ஒன்றை 1612இல் எழுதி முடித்தார். 'மண்ணின் இளைஞர்' எனப் பெயர்பெற்ற இக்கலப்பினத்தார் சட்டத்திலே தந்தையின் நிலையைப் பெற்றனர். மொழியைத் தாயிடம் பெற்றனர். தந்தை ஒருவர், தாயரோ பலர்; தாயருடன் பாட்டியும் சிறிய தாயும் ஒரே முற்றத்திற் பேசுவது குவரானி. 1580இற் புவெனஸ் அயர்சை மீண்டும் நிறுவ அசுன்சியோனிலிருந்து புறப்பட்டோரிற் பெரும்பாலானோர் இம்மண்ணிற் பிறந்தவர்களே.

இனித் துறவியர் பணி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூயிஸ் தெ பொலாஞோஸ் குவரானியில் ஞானோபதேசம் இயற்றினார். 1603இல் அசுன்சியோனிற் கூடிய திருச்சபை மன்றம் அதனை ஏற்றது. 1609இல் யேசு சபையினர் தம் முதலாவது குவரானிக் குடியிருப்பை நிறுவினர். சாவோ பவுலோவிலிருந்து அடிமை பிடிக்க வந்த படைகளுக்குத் தப்பி 1631இல் அந்தோனியோ ரூயிஸ் தெ மொந்தோயா ஏறத்தாழ 12,000 மக்களை ஆற்று வழியே தெற்குக்கு அழைத்து வந்தார். அவரது குவரானிச் சொற்களஞ்சியம் 1639இலும், இலக்கணமும் அகராதியும் 1640இலும் மத்ரித்தில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குடியிருப்புக்களிலேயே அச்சுப்பொறி இயங்கியது. நிக்கொலாஸ் யாபுகுவாய் என்னும் குவரானித் தலைவர் எழுதிய நூல்கள் 1724இலும் 1727இலும் வெளிவந்தன. இதே சபையைச் சேர்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இற் கொல்லத்தில் அச்சேறியதை அறிந்த நமக்கு இம்முயற்சி புதிதாகத் தோன்றாது. உள்ளூர் மொழியைக் கற்று, இலக்கணம் வகுத்து, அச்சேற்றிச் சமயம் பரப்புதல் அச்சபையின் உலகளாவிய முறையாயிருந்தது.

மொழிபெயர்ப்பின் நுட்பம் ஒன்றையும் ஈண்டுக் கூறலாம். கேட்பவரை உட்படுத்தும் 'நாம்', அவரை விலக்கும் 'நாங்கள்' எனத் தமிழில் உள்ள வேறுபாடு குவரானியிலும் உண்டு; 'ஞாந்தே' முன்னையது, 'ஓரெ' பின்னையது. ஸ்பானிய மொழியில் இவ்வேறுபாடு இல்லை. இறைவனை விளித்து வேண்டும்போது அவனை உள்ளடக்க இயலாதாகையாற் குவரானிச் செபம் 'ஓரெ' என்னுஞ் சொல்லையே ஆள்கின்றது. தமிழ்க் கிறித்தவர் 'எங்கள்' என்பது போல. அதே வேளை துறவியர் பழஞ்சொற்களுக்குப் புதுப்பொருளேற்றினர். இடியோடு தொடர்புடைய தூப்பா என்னும் தெய்வத்தின் பெயர் கிறித்தவக் கடவுளின் பெயராயிற்று. 'கராய்' எனும் சொல் சமயவாற்றல் மிக்க குரவரைக் குறித்தது. பின்னர் அது ஸ்பானியரையும், பொதுவாக ஐயா என மதிக்கத்தக்கோரையும் குறிக்கலாயிற்று. இன்றும் ஸ்பானிய மொழி 'கராய் ஞெஎ', அஃதாவது ஐயாமாரின் பேச்சு. குவரானியோ 'அவா ஞெஎ', மனிதனின் பேச்சு.

எழுதக் கற்ற மக்கள் கற்பித்தவர் எதிர்பாராத வகையிலும் எழுதுவர். 1750இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் எல்லைகளை மாற்றி ஏழு குடியிருப்புக்களைப் போர்த்துக்கேயரிடம் ஒப்படைக்க உடன்பட்டபோது, அவ்வூர்த் தலைவர்கள் 1753இற் புவெனஸ் அயர்ஸ் ஆளுநருக்குக் குவரானியிலே மடல்கள் எழுதித் தம் நிலத்தை விட்டு நீங்க மறுத்தனர். போர் மூண்டு 1756இல் அவர்கள் முறியடிக்கப்பட்டனர். 1767இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் யேசு சபையினரை நாடுகடத்த ஆணையிட்டார். 1770இற் பிறந்த இன்னோர் ஆணை அமெரிக்காவில் ஸ்பானியம் தவிர்ந்த மொழிகள் ஒழிய வேண்டும் என்றது.

இப்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முப்பது குடியிருப்புக்களுள் எட்டு மட்டுமே இன்றைய பராகுவேயின் எல்லைக்குள் உள்ளன. ஏனையவை ஆர்ஜென்ரீனாவிலும் பிறேசிலிலும் அடங்கிவிட்டன. குவரானி நாட்டுமொழியாய் நிலைத்தது அசுன்சியோனைச் சூழ்ந்த கலப்பினக் குடியானவரிடையே. அவர்களுக்கும் யேசு சபையினருக்கும் நிலவியதோ கடும் பகை. அச்சிட்ட நூல்கள் காப்பகங்களிற் கிடந்தன. அவற்றை ஒருபோதும் கண்டிராத உழவரின் நாவில் மொழி இருந்தது.

1811இற் பராகுவே சுதந்திரம் பெற்றது. 1814 முதல் 1840 வரை ஆண்ட ஹொசே கஸ்பார் ரொட்ரிகெஸ் தெ பிரான்சியா நாட்டை ஏறக்குறைய மூடிவைத்தார். ஐரோப்பிய ஸ்பானியர் உள்நாட்டு வெள்ளையினப் பெண்களை மணத்தலைத் தடுத்தார். திருச்சபை நிலங்களை அரசுடைமையாக்கிக் குடியானவருக்குக் குத்தகைக்கு விட்டார். அவர் குவரானியை வளர்க்க ஒன்றுஞ் செய்தாரல்லர். எனினும் வெளிச்செல்வாக்கு அற்ற அக்கால் நூற்றாண்டு வீட்டு மொழியை உறுதிப்படுத்தியது. அடுத்து வந்த கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் நாட்டைத் திறந்தார், இருப்புப்பாதை அமைத்தார், இளைஞரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார், செந்துரியோனும் அவர்களுள் ஒருவர். முன்னேற்றத்தின் மொழி ஸ்பானியம் என அவ்வரசு கருதியது. 1848இல் 21 இந்தியக் குடியிருப்புக்களின் மக்களைக் குடிமக்களாக அறிவித்த ஆணையே அவர்களது பொது நிலத்தையும் கால்நடைகளையும் அரசுக்கு உரித்தாக்கியது. பள்ளியில் மோதிரம் சுற்றியதும் இக்காலத்தில்தான்.

1864இல் மூண்டு 1870 வரை நீடித்த போரில் பிறேசில், ஆர்ஜென்ரீனா, உருகுவே ஆகிய மூன்றையும் பராகுவே தனித்து எதிர்கொண்டது. அப்போது அரசின் மொழிக்கொள்கை ஒரே நாளில் மாறியது போற் காணப்படுகின்றது. போர்வீரர் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் விளங்காது. 1867இற் போர்முனையில் அச்சான 'கபிச்சுயி' எனும் ஏடு ஸ்பானியத்துடன் குவரானிப் பாடல்களையும் கேலிச் சித்திரங்களையும் வெளியிட்டது. குளவியினம் ஒன்றின் பெயர் அது. அதே ஆண்டில் 'லம்பாரே' முழுவதும் குவரானியிலேயே வெளிவந்தது. கடல்வழி அடைபட்டுத் தாள் கிடைக்காதபோது கரகுவாதா எனும் செடியின் நாரிலிருந்து தாள் செய்தனர். 'கபிச்சுயி'யின் ஆசிரியருள் ஒருவர் செந்துரியோன். மோதிரத்துக்கு அஞ்சி வளர்ந்தவர், அரசாணையின் பேரிற் குவரானி ஏட்டை நடத்தினார்! வரி வாங்கும் வேளையிலும் வழக்குத் தீர்க்கும் வேளையிலும் தேவைப்படாத மொழி உயிரைக் கேட்கும் வேளையில் தேவைப்பட்டது.

அப்போரின் அழிவு பற்றி ஆய்வாளரிடையே பெருங் கருத்து வேறுபாடு உண்டு. மக்களில் ஐந்திலொரு பங்கினும் குறைவானோரே மாண்டனர் என வேரா பிளின் ரெபர் 1988இல் வாதிட்டார். 1870-71 காலத்துக் குடிசனக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு தோமஸ் விகாமும் பார்பரா பொட்தாஸ்றும் 1999இல் அறுபது வீதத்திற்கு மேல் என மதிப்பிட்டனர். எவ்வாறாயினும் எஞ்சியோருட் பெண்களே மிகப் பலர் என்பதில் ஐயமில்லை. அழிந்த ஊர்களைக் கட்டியெழுப்பியவரும் பிள்ளைகளை வளர்த்தவரும் அவர்களே. பதினாறாம் நூற்றாண்டின் நிலைமை வேறொரு வகையில் மீண்டும் தோன்றிற்று எனலாம்: தந்தையர் அற்ற முற்றங்கள், தாயின் மொழி. வெளியிலோ 1883, 1885ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரச நிலங்கள் அன்னியக் கம்பனிகளுக்கு விற்கப்பட்டன. பள்ளியில் மீண்டும் குவரானி இழிமொழியாயிற்று.

1932 முதல் 1935 வரை பொலிவியாவுடன் நிகழ்ந்த சாக்கோப் போரிலும் இதே கதை. படைச்செய்திகள் குவரானியிற் பரிமாறப்பட்டன. கவிதையும் ஹூலியோ கொரேயாவின் நாடகங்களும் புகழ்பெற்றன. 1954 முதல் 1989 வரை நாட்டை ஒடுக்கி ஆண்ட அல்பிரெதோ ஸ்திரோஸ்னரின் 1967ஆம் ஆண்டு யாப்பு இரண்டினையும் தேசிய மொழிகள் என அழைத்தது. ஆயின் உத்தியோக மொழி ஸ்பானியம் ஒன்றே என்றது. குவரானியா எனும் இசைவகையைப் படைத்த ஹொசே அசுன்சியோன் புளோரஸ் நாடு திரும்ப அனுமதியின்றி 1972இற் புவெனஸ் அயர்சில் இறந்தார். குவரானியின் ஓசையை ஸ்பானிய உரைநடையுட் புகுத்திய நாவலாசிரியர் அகுஸ்தோ ரோவா பஸ்தோசும் நெடுங்காலம் நாடுகடந்தே வாழ்ந்தார்.

மொழியியலாளர் பராகுவேயை நாடியது இக்காலத்தில். சார்ள்ஸ் பேர்கஸன் 1959இல் இரட்டை வழக்கு என்னும் கருத்தை விளக்கியபோது தமிழும் அதற்குப் பொருந்தும் எனக் குறிப்பிட்டமை பலரும் அறிந்தது. 1967இல் ஜோசுவா பிஷ்மன் அக்கருத்தை வேறுவேறு மொழிகளுக்கும் விரித்தபோது எடுத்துக்காட்டாகக் கொண்டது பராகுவேயை. நீதிமன்றமும் பள்ளியும் அலுவலகமும் ஸ்பானியத்துக்கு. வயலும் சந்தையும் நகைச்சுவையும் குவரானிக்கு. காதலர் ஸ்பானியத்திற் பேசத் தொடங்கி நெருக்கம் வந்ததும் குவரானிக்கு மாறுவர் என ஜோன் ரூபின் 1968இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார். இப்பாகுபாட்டை அமைதியான வேலைப்பங்கீடு போல் விவரிப்பதிற் குறையுண்டு. தன் மொழியில் நகைக்கலாம், வழக்காட முடியாது என்ற நிலையில் உள்ளவனுக்கு அது பங்கீடாகத் தோன்றியிராது.

1992ஆம் ஆண்டு யாப்பு குவரானியை ஸ்பானியத்துக்கு இணையான உத்தியோக மொழியாக்கியதுடன், தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்றும் விதித்தது. 2010இல் மொழிச் சட்டம் வந்தது. மோதிரம் ஒழிந்தது, புதிய சிக்கல்கள் தோன்றின. மக்கள் பேசுவது 'ஜொபரா' எனப்படும் கலப்பு வழக்கு. ஒக்ரோபர் முதலாம் நாள் பயறும் சோளமும் கலந்து சமைக்கும் உணவுக்கும் அதுவே பெயர். பாடநூலாரோ கலப்பை நீக்கிப் புதுச்சொற்களைப் படைத்தனர். மரபுக் குவரானியில் தனி எண்ணுப்பெயர்கள் நான்கு வரைதான். அதற்கு மேலே கணக்கிடச் சந்தையில் எல்லோரும் ஸ்பானிய எண்களையே கூறுவர். பள்ளியிலோ நூறும் ஆயிரமும் குவரானியில் மனனஞ் செய்யப்பட்டன. வீட்டில் இருபது என ஸ்பானியத்தில் எண்ணும் தாய், பிள்ளையின் குவரானிக் கணக்குப் புத்தகம் தனக்கே விளங்காததைக் கண்டாள். குவரானி படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்ட பெற்றோரும் இருந்தனர். மொழிப்பற்று அற்றவர்கள் என அவர்களைக் குறைகூறல் எளிது. ஆயின் அலுவலகக் கதவு எம்மொழியில் திறக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள்.

இவ்வரலாற்றில் இதுவரை மறைந்து நின்றோர் ஒரு சாரார் உளர். கலப்பினத்தாருடன் இணையாது காடுகளிலே தனித்து வாழ்ந்த ம்பியா, அவா குவரானி, பாயி தவிதெரா முதலிய குழுவினர் தத்தம் குவரானிக் கிளைமொழிகளைப் பேசுகின்றனர். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி பராகுவேயின் ஆதிக்குடிகள், ஐந்து மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த 19 குழுவினராய், ஏறத்தாழ 1,40,000 பேர். நாட்டு மக்களில் இரண்டு வீதத்துக்குச் சற்று மேல். ம்பியாக்களின் மறைமொழிகளை லெயோன் கதோகன் திரட்டி 1959இல் வெளியிட்டபோதுதான் அவர்களின் சமயச் சிந்தனையின் ஆழம் வெளியுலகுக்குத் தெரிந்தது. குவரானி ஆய்வில் தலைசிறந்தவரான யேசு சபைத் துறவி பர்த்தொமேயு மெலியா, அச்சே எனும் குழுவினர் வேட்டையாடப்பட்டதைக் கண்டித்தமையின் பின் 1976இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். தேசிய மொழி குவரானி என்று யாப்பிலே பொறித்த அதே ஆட்சியில் நிகழ்ந்தது இது.

கிழக்குப் பராகுவேயின் காடுகளிற் பெரும்பகுதி இன்று சோயா வயல்களாகவும் மேய்ச்சல் நிலங்களாகவும் மாறிவிட்டது. நிலமிழந்த ம்பியாக் குடும்பங்கள் அசுன்சியோன் வீதிகளிலும் சதுக்கங்களிலும் தங்குவதுண்டு. அவ்வழி செல்லும் பராகுவேயர் அவர்களிடம் பேசுவது குவரானியில். அவர்கள் மறுமொழி கூறுவதும் அதன் மற்றொரு கிளையில். எனினும் ம்பியாக்கள் அப்பராகுவேயரைக் குறிக்க வழங்கும் பெயர் 'ஜுருவா'. மயிர் அடர்ந்த வாயினர் என்பது அதன் பொருள். தாடியுடன் வந்திறங்கிய ஸ்பானியருக்கு அவர்களின் முன்னோர் இட்ட பெயர் அது.